கோட்டையும் குடிநீரும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடலின் நடுவில், ஒரு சிறு கோட்டை நிற்பதனை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அத்துறையைப் படகிற் கடப்போர் கண்ணுக்கு அது தப்புவதில்லை. பறங்கியர் கட்டிய அக்கோட்டைக்குப் பின்வந்த ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் படம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித்தொடை போலத் தோன்றியதனால் வந்த பெயர் அது.

நாற்புறமும் கடலே அதற்கு அகழி. கரையிலிருந்து படை நடந்து சென்று அதனை அடைய இயலாது. இத்தகைய கோட்டையை 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். ஏறக்குறைய இரண்டு கிழமையில் உள்ளே இருந்த பறங்கியர் பணிந்தனர். அவர்களைப் பணிய வைத்தது குடிநீர்ப் பஞ்சம். சுற்றிலும் நீர் சூழ இருந்தவர்களுக்கு விடாயே பகையாயிற்று.

யாழ்ப்பாணப் பட்டினத்துக் கோட்டையின் கதையும் இதனோடு ஒத்ததே. அதே ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகையைத் தாங்கி நின்ற அக்கோட்டை, உள்ளே பசியும் நோயும் பெருகியமையால், ஜூன் மாதத்திலே கையளிக்கப்பட்டது. ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவிற் புதிதாகக் கட்டினர். அதன் வெளியரண்கள் 1792ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தின. மூன்று ஆண்டுகள் சென்றன. 1795 செப்டெம்பரிலே பிரித்தானியப் படை வந்தபொழுது, ஒரு வெடிதானும் வெடிக்காமல் அக்கோட்டை கைமாறிற்று. அதற்கு முன்னரே ஐரோப்பாவில் ஒல்லாந்து தேசம் பிரெஞ்சுப் படைக்கு வீழ்ந்துவிட்டது. பண்ணைக் கடலோரத்துக் கோட்டையின் விதி பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் எழுதப்பட்டு முடிந்திருந்தது.

இக்கோட்டைகளைக் கட்டியோர் மூடர் அல்லர். பீரங்கிக் குண்டு எத்திசையிலிருந்து வரும், சுவர் எவ்வளவு தடிப்பாக இருத்தல் வேண்டும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டே கட்டினர். அவர்கள் கணக்கிட்ட இடத்தில் கோட்டை உடையவில்லை. கணக்கில் வராத இடத்திலேதான் ஒவ்வொரு முறையும் தோல்வி புகுந்தது.

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கற்கோட்டையன்று. இரகசியத்தைக் காக்கும் கோட்டை. இயற்கையின் விதியையே மதிலாகக் கொண்டது, எவராலும் உடைக்க முடியாதது என்று விஞ்ஞானிகள் நிறுவிய ஒரு கோட்டை, எவ்வாறு பல வாயில்களால் உட்புகப்பட்டது என்பதே அவ்வரலாறு. குவாண்டம் மறைகுறி என்று அதனை அழைப்பர். குவாண்டம் என்பதனை எமது நாட்டுக் கலைச்சொல்லாக்கத்தினர் சத்திச்சொட்டு என்று மொழிபெயர்த்தனர். எனினும், இன்று பலர்க்கும் பழகிவிட்ட குவாண்டம் என்னும் சொல்லையே இப்பேச்சில் வழங்குகின்றேன்.

முதலில், மறைகுறி என்பது யாது? ஒரு செய்தியைப் பிறர் அறியா வண்ணம் மாற்றி எழுதி, உரியவர் மாத்திரம் மீட்டு வாசிக்கச் செய்தலே மறைகுறி. மாற்றுவதற்கும் மீட்பதற்கும் இருவருக்கும் பொதுவான ஓர் இரகசிய எண்வரிசை வேண்டும். அதுவே திறவுகோல். பூட்டு எத்தகையது என்பதனைப் பகைவன் முற்றாக அறிந்திருப்பினும், திறவுகோல் அவன் கையிற் படாதவரையில் இரகசியம் காக்கப்படல் வேண்டும் என்னும் நியதியை 1883ஆம் ஆண்டிலே ஒகுஸ்தே கேர்க்கோவ்ஸ் என்பவர் வகுத்தார். இத்துறையினர் இன்றும் போற்றும் நியதி அது.

திறவுகோல் செய்தியின் நீளத்துக்குச் சமமாகவும், எவ்வித ஒழுங்கும் அற்றதாகவும், ஒருமுறை மாத்திரமே பயன்படுவதாகவும் இருக்குமாயின், அம்மறைகுறியை எக்காலத்தும் எவராலும் உடைத்தல் இயலாது. இதனை அமெரிக்கரான கிளோட் ஷானன் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே கணித முறையால் நிறுவிக் காட்டினார். இத்தகைய திறவுகோலை ஒருமுறைத் தாள் என்பர். சோவியத்து நாட்டார் இம்முறையையே கையாண்டனர். ஆயினும் 1942ஆம் ஆண்டளவில், யுத்த நெருக்கடியின் நடுவே, அத்தாள்களிற் பல்லாயிரம் பக்கங்கள் இரண்டு தடவை அச்சிடப்பட்டுவிட்டன. ஒருமுறைத் தாள் இருமுறைத் தாளாயிற்று. அவ்வொரு பிழையைப் பற்றிக்கொண்டு அமெரிக்கர் பல ஆண்டுகள் முயன்று, சோவியத்து இரகசியச் செய்திகள் பலவற்றை வாசித்தனர். ஷானனின் நிரூபணத்திலே தவறு இருந்ததா? இல்லை. அச்சுக்கூடத்திலே தவறு நேர்ந்தது.

இவ்விதத் தவறு ஒன்றின் பயனை எம்முடைய தீவும் அனுபவித்திருக்கின்றது. 1942 ஜனவரியிலே, சிங்கப்பூர் வீழ்வதற்குச் சிறிது முன்னர், பிரித்தானியரின் மறைகுறி உடைக்கும் பிரிவினர் அங்கிருந்து கொழும்புக்கு வந்து ஒரு பாடசாலைக் கட்டிடத்திலே பணியைத் தொடங்கினர். யப்பானியக் கடற்படையின் செய்திகளை அவர்கள் வானொலி வழியே கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தனர். மார்ச்சு மாத இறுதியில், இந்து சமுத்திரத்திலே பெருந்தாக்குதல் ஒன்று வரவிருக்கின்றது என்பது தெரிந்தது. எவ்விடத்தில்? தாக்கப்படும் இடத்தின் பெயரை யப்பானியர் குறியெழுத்தால் மறைத்திருந்தனர். ஆயின் ஒரு செய்தியிலே, அதனை அனுப்பியவர் இடப்பெயரைக் கோ-ரொ-ன்-போ என்று தம்மொழி அசைகளால் எழுத்துக்கூட்டி விட்டதாக அப்பணியைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவர்கள் கூறுகின்றனர். அத்துணைச் சிக்கலான எண்குறிகள் அனைத்தையும் நான்கு அசைகள் வெளிப்படுத்திவிட்டன.

ஏப்ரில் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டு வீழ்ந்தது. ஏப்ரில் 9ஆம் நாள் திருக்கோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. முன்னறிவிப்புக் கிடைத்தமையாற் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தன; அவ்வறிவிப்பு இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். இரகசியக் காவலிலே மனிதன் செய்யும் சிறு தவறு, ஒரு துறைமுகத்து மக்களின் உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் அண்மையான சான்று எமக்கு வேண்டுவதில்லை.

இனிக் குவாண்டம் மறைகுறியின் பிறப்பைக் காண்போம். ஒருமுறைத் தாளின் பெருங்குறை, திறவுகோலை இருவரிடமும் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதே. தூதன் வழியிலே பிடிபடலாம். பிடிபடாமலே ஒருவன் அதனைப் பார்த்துப் பிரதி எடுத்துவிட்டு, இருந்தபடியே மீண்டும் வைத்துவிடலாம். பிரதி எடுக்கப்பட்டதென்பதனைத் தாளைப் பார்த்து அறிய முடியாது. பார்த்தாலே தடயம் விழும் தாள் ஒன்று இருந்தால் என்ன என்று நியூயோர்க்கிலே ஸ்டீபன் வீஸ்னர் என்னும் இளைஞர் 1970ஆம் ஆண்டை அண்டிச் சிந்தித்தார். ஒளியின் மிக நுண்ணிய துணிக்கை அவ்வாறானது; அதனை அளக்க முயன்றால் அதன் நிலை மாறக்கூடும். அவர் எழுதிய கட்டுரையை அன்று எவரும் ஏற்கவில்லை. 1983ஆம் ஆண்டிலேதான் அது அச்சேறிற்று.

அதற்கிடையில், அவருடைய எண்ணத்தை நண்பர் சார்ள்ஸ் பெனற் மறவாதிருந்தார். 1979ஆம் ஆண்டிலே புவெர்த்தோ ரிக்கோத் தீவில் நடந்த ஒரு மாநாட்டின்போது, கடலில் நீந்திக்கொண்டிருந்த கனடா நாட்டவரான ஜில் பிரசாரை அணுகிப் பெனற் இவ்விடயத்தைப் பேசத் தொடங்கினார். கடலிலே தொடங்கிய அப்பேச்சு ஐந்தாண்டுகளின்பின் ஒரு முறையாக உருப்பெற்றது. அது முதன்முதல் முழுமையாக வெளியானது எமக்கு அண்மையிலேதான். 1984 டிசெம்பரிலே பெங்களூரில் நடந்த அனைத்துலகக் கணினி மாநாட்டின் ஏட்டிலே, ஐந்து பக்கத்திற் சுருங்க எழுதப்பட்ட கட்டுரையாக அது வந்தது.

அம்முறையை எமது ஊர்ப்பெயர்களைக் கொண்டே விளக்குகின்றேன். பருத்தித்துறையிலே ஒருவர், யாழ்ப்பாண நகரிலே ஒருவர். இடையே வல்லை வெளியில் ஒட்டுக் கேட்போன் ஒருவன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். பருத்தித்துறையார் ஒளித்துணிக்கைகளை ஒவ்வொன்றாக அனுப்புகின்றார். ஒளிக்கு முனைவாக்கம் என்று ஒரு குணம் உண்டு. அதனை ஓர் அம்பின் சாய்வைப் போல எண்ணலாம். நெட்டாகவோ கிடையாகவோ வைத்து அனுப்புவது ஒரு வகை. வலச்சாய்வாகவோ இடச்சாய்வாகவோ வைத்து அனுப்புவது மற்றொரு வகை. எவ்வகையில் அனுப்பினாரோ அவ்வகையில் அளந்தாற் சரியான விடை கிடைக்கும். மாற்று வகையில் அளந்தால், காசு சுண்டியது போல ஏதோ ஒரு விடை வரும். முன்னிருந்த நிலையும் அழிந்துபோகும்.

யாழ்ப்பாணத்தவர் ஒவ்வொரு துணிக்கையையும் தம்மிச்சையாக ஒரு வகை தெரிந்து அளக்கின்றார். பின்னர் இருவரும் எவ்வகையைக் கையாண்டோம் என்பதனை மாத்திரம் வெளிப்படையாகச் சொல்லி, ஒத்தவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளுகின்றனர். எஞ்சியவையே திறவுகோல். வல்லை வெளியான் இடையிலே ஒவ்வொரு துணிக்கையையும் அளந்து மீள அனுப்புவானாயின், அவனும் பாதித் தடவை தவறான வகையையே தெரிவான். அதனால் எஞ்சியவற்றில் நாலில் ஒரு பங்கு பிழையாகும். சில எண்களை ஒப்பிட்டுப் பார்த்த அளவிலே கள்வன் அகப்படுவான். அவன் எத்துணைச் செல்வமும் கணினியும் படைத்தவனாயினும் இதனைத் தப்ப முடியாது. ஏனெனில் அவனுக்கு எதிரே நிற்பது இயற்கையின் விதி.

நிரூபணம் இவ்வளவு உறுதியானது. ஆயின் நிரூபணம் தாளிலே உள்ளது. திறவுகோலோ யந்திரத்திலே பிறக்கின்றது.

முதல் யந்திரத்தைப் பெனற், பிரசார் குழுவினர் 1989ஆம் ஆண்டிலே இயக்கினர். அதில் ஒளி சென்ற தூரம் ஏறக்குறைய 32 சதமமீற்றர். ஒரு மேசையின்மேல் அடங்கிவிட்டது. உலகின் முதலாவது குவாண்டம் திறவுகோல் அம்மேசையிலே உருவாயிற்று. ஆயினும் அதிலே ஒரு வேடிக்கை இருந்தது. ஒளியின் முனைவாக்கத்தைத் திருப்பும் பகுதிக்கு மின்னழுத்தம் வழங்கிய கருவி ஓசை எழுப்பிற்று. எத்திசைக்குத் திருப்பினரோ அதற்கேற்ப ஓசையும் வேறுபட்டது. பக்கத்தில் நின்று செவிகொடுப்பவன் ஒளியைத் தொடாமலே திறவுகோலை அறிந்துகொள்ளலாம். செவிடனான கள்வனிடமிருந்தே அந்த யந்திரம் எம்மைக் காத்தது என்று பிரசார் பின்னாளிலே நகைச்சுவையாக எழுதினார். நகையாயினும் அதனுள் இத்துறையின் முழு வரலாறும் அடங்கியிருந்தது. விதி காத்து நின்றது ஒளியை. இரகசியம் வெளியேறியதோ ஓசை வழியாக.

அடுத்த குறை ஒளி விளக்கிலே தோன்றிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு துணிக்கையை அனுப்புதல் வேண்டும் என்பது நிரூபணத்தின் நிபந்தனை. நடைமுறையிலோ மிகவும் மங்கலாக்கப்பட்ட லேசர் ஒளியையே கையாண்டனர். அதில் ஒரு துடிப்பிற் சிலவேளை துணிக்கை இல்லாதிருக்கும்; சிலவேளை இரண்டு இருந்துவிடும். இரண்டு இருக்கும்போது கள்வன் ஒன்றைத் தன்பால் நிறுத்திக்கொண்டு மற்றதைப் போகவிடலாம். பிழை எதுவும் தோன்றாது. இவ்வபாயத்தின் முழு அளவையும் 2000ஆம் ஆண்டிலே பிரசாரும் வேறு சிலரும் கணக்கிட்டுக் காட்டினர். அதற்கு மருந்தும் பின்னர் கிடைத்தது. ஒளியின் அளவை இடையிடையே மாற்றிப் பொய்த் துடிப்புக்களைக் கலந்து அனுப்பினால், துணிக்கைகளைப் பொறுக்கி எடுப்பவனை அடையாளம் காணலாம். 2003 முதல் 2005 வரையான ஆண்டுகளில் அம்முறை வகுக்கப்பட்டது.

வேறொரு வாயிலும் இருந்தது. கள்வன் வெளியிலிருந்து நார் வழியே தன்னுடைய பிரகாசமான ஒளியை யந்திரத்துக்குள் அனுப்பி, உள்ளே தெறித்து மீளும் ஒளியை ஆராய்ந்தால், யந்திரம் எவ்வகையைத் தெரிந்தது என்பதனை வாசிக்கலாம். துரோயாப் பட்டினத்து மரக்குதிரையின் பெயரை இத்தாக்குதலுக்கு இட்டுள்ளனர். 2008ஆம் ஆண்டிலே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தார், விற்பனைக்கு வந்த ஒரு யந்திரத்தின் இரண்டு உணர்கருவிகளும் ஒரே கணத்திலே சமமாக விழித்திருப்பதில்லை என்னும் சிறு வேறுபாட்டைப் பயன்படுத்தி, அதன் காவலைத் தளர்த்தலாம் என்று செய்து காட்டினர்.

இவையெல்லாம் ஒரு பகுதி இரகசியத்தையே கசியச் செய்தன. முழுக் கோட்டையும் வீழ்ந்தது 2010ஆம் ஆண்டில். அதற்குள் குவாண்டம் மறைகுறி ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்திருந்தது. 2004இல் வியன்னா நகரில் ஒரு வங்கிப் பணமாற்றத்துக்கு அது துணைபுரிந்தது. 2007இல் ஜெனீவாவிலே தேர்தல் முடிவுகளை அனுப்பும் வழிக்கு அது காவலாயிற்று. நோர்வே நாட்டின் துரொன்ஹைம் நகரத்திலே லார்ஸ் லிதர்சன், வாடிம் மக்காரொவ் ஆகியோரும், ஜெர்மனியில் அவர்களுடைய தோழர்களும், சந்தையிலே கிடைத்த இரு வேறு நிறுவனங்களின் யந்திரங்களை எடுத்து ஆராய்ந்தனர்.

அவர்கள் செய்தது யாதென்பதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரே ஒரு ஒளித்துணிக்கையை உணரும் கருவி மிகவும் நுட்பமானது. இருளிலே கண் பழகி நிற்கும் கடற்றொழிலாளி, அலையிற் பூக்கும் சிறு வெளிச்சத்தையும் காண்பான் அல்லவா? அவன் முகத்துக்கு நேரே ஒருவர் பெற்றோமக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தால், அச்சிறு வெளிச்சம் அவனுக்குப் புலப்படாது. உணர்கருவிக்கும் அவ்வாறே. இடையறாத பிரகாச ஒளியை அதன்மேற் பாய்ச்சினால், அது துணிக்கையை உணரும் ஆற்றலை இழந்து, ஒரு சாதாரண ஒளிமானியாகிவிடும். அதன்பின் ஒரு குறித்த அளவுக்கு மேற்பட்ட ஒளி வந்தாலன்றி அது துடிக்காது.

இவ்வாறு கண் கூசிய கருவி கள்வனுக்குப் பொம்மையாயிற்று. அவன் பருத்தித்துறையார் அனுப்பியதைத் தானே அளந்து, அவ்விடையை அளவு பார்த்த ஒரு வலிய துடிப்பாக யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவான். யாழ்ப்பாணத்தவர் அவன் தெரிந்த வகையையே தெரிந்திருந்தால், ஒளி முழுவதும் ஒரு கருவியிலே விழும், அது துடிக்கும். வேறு வகையைத் தெரிந்திருந்தால் ஒளி இரண்டாகப் பிரிந்து இரு கருவிகளிலும் விழும். பாதி ஒளிக்கு எதுவும் துடிக்காது. ஆகவே கள்வனும் யாழ்ப்பாணத்தவரும் மாறுபடும் வேளை கணக்கில் வருவதேயில்லை. பிழையே தோன்றாது. துணிக்கைகள் வழியிலே தொலைவது எப்போதும் உள்ளதாகையால், வராதவற்றைப் பற்றி எவரும் ஐயுறார். கள்வனைக் காட்டிக் கொடுக்கும் என்று நம்பியிருந்த நாலில் ஒரு பங்குப் பிழை மறைந்துபோயிற்று.

அக்குழுவினர் தாம் கண்டதை வெளியிடுமுன்னரே அந்நிறுவனங்களுக்கு அறிவித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் ஒரு கேள்வி எஞ்சிற்று. ஆய்வுகூட மேசையிற் காட்டியதை வெளியிலே, ஓடிக்கொண்டிருக்கும் வழியொன்றிலே செய்ய முடியுமா? அதற்கான விடை, தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரிலே கிடைத்தது. 1942இல் மறைகுறி உடைப்போர் எந்நகரை விட்டுக் கொழும்புக்கு வந்தனரோ, அந்நகரிலேதான் இதுவும் நடந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து வளவிலே 290 மீற்றர் நீளமான ஒளியியல் நார் ஒன்றின் இரு முனையிலும் குவாண்டம் யந்திரம் இயங்க, நடுவே ஒட்டுக் கேட்கும் கருவியைப் பொருத்தினர். கேட்டவன் இரகசியத் திறவுகோல் முழுவதையும் பெற்றான். இரு முனையிலும் இருந்தவர்க்கு வழமைக்கு மாறான எதுவும் தெரியவில்லை. இல்யா கேர்ஹார்ட் முதலியோர் 2011ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இதனைச் செய்தவர்கள் அவ்யந்திரத்தை அமைத்த அதே துறையினர் என்பதும், தம்முடைய காவலைத் தாமே உடைத்து உலகறியச் சொன்னார்கள் என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இதனாற் குவாண்டம் விதி பொய்த்ததா என்று நேயர்கள் கேட்கலாம். பொய்க்கவில்லை. நிரூபணத்திலே உணர்கருவி என்று எழுதியிருந்த சொல்லுக்கும், பெட்டிக்குள் இருந்த பொருளுக்கும் இடையே வேறுபாடு இருந்தது. அவ்விடைவெளியிலேதான் கள்வன் நடந்து சென்றான்.

பிழையைக் கண்டபின் திருத்தம் வரல் வேண்டும். ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியே அடைத்தல் ஒரு வழி. அதன் குறையையும் காலம் காட்டிற்று. கண் கூசச் செய்யும் தாக்குதலுக்கு மாற்றாக வந்த ஓர் ஏற்பாடு போதாதென்று 2016ஆம் ஆண்டிலே கனடாவில் நடந்த சோதனை காட்டிற்று. மற்றொரு வழி மிகவும் துணிவானது. 2012ஆம் ஆண்டிலே ஹொய்-குவொங் லோ என்பாரும் தோழர்களும் ஒரு முறையை வகுத்தனர். அதன்படி இரு முனையில் உள்ளவர்களும் ஒளியை அனுப்புவார்கள். உணர்கருவியை நடுவிலே வைப்பார்கள். அக்கருவி பகைவன் கையிலே இருப்பினும் கேடில்லை. எமது உவமையிற் கூறுவதானால், கருவியை வல்லை வெளியானிடமே ஒப்படைத்துவிட்டு, அவன் பொய் சொன்னால் அகப்படும்படி ஏற்பாடு செய்வதாகும். உணர்கருவியால் வந்த கேடுகள் அனைத்தும் இதனாலே தீர்ந்தன. ஆயின் ஒளி விளக்குகள் சொன்னபடி நடக்கும் என்னும் நம்பிக்கை இன்னும் தேவையாயிற்று.

அந்நம்பிக்கையும் வேண்டாத முறை ஒன்றுண்டு. ஆர்த்தர் எக்கெர்ட் 1991ஆம் ஆண்டிலே விதைத்த எண்ணத்தில் அது வேரூன்றியது. யந்திரத்தின் உள்ளமைப்பை அறியாமலே, அது தரும் எண்களின் ஒற்றுமையைக் கொண்டே அதன் நேர்மையைச் சோதிப்பது அம்முறை. 2022ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போர்ட்டிலே அவ்வாறு ஒரு திறவுகோலை உண்டாக்கிக் காட்டினர். அங்கே இரு முனைக்கும் இடையிலிருந்த தூரம் இரண்டு மீற்றர். 32 சதமமீற்றரிலே தொடங்கிய பயணம், மிக உயர்ந்த நம்பிக்கையைத் தேடிச் சென்றபோது, மீண்டும் ஓர் அறைக்குள் வந்து நின்றது.

நெடுந்தூர வழிகளின் நிலைமையோ வேறு. சீன தேசத்தார் பெய்ஜிங்குக்கும் ஷங்காய்க்கும் இடையே ஏறக்குறைய 2000 கிலோமீற்றர் நீளமான குவாண்டம் வழியை 2017ஆம் ஆண்டிலே திறந்தனர். நாரிலே ஒளி வெகுதூரம் செல்லாதாகையால் இடையிடையே நிலையங்கள் அமைத்தனர். ஒவ்வொரு நிலையத்திலும் திறவுகோல் வெளிப்பட்டு மீண்டும் மறைக்கப்படுகின்றது. அந்நிலையங்களுக்குக் காவல் குவாண்டம் விதியன்று. பூட்டிய கதவும் நம்பிக்கையான ஊழியருமே. இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தவர் பேசுவது பருத்தித்துறையாரிடந்தான், வல்லை வெளியானிடம் அன்று, என்று உறுதிசெய்வதற்கு இருவரிடமும் முன்னரே ஒரு சிறு இரகசியம் இருத்தல் வேண்டும். குவாண்டம் யந்திரம் திறவுகோலை வளர்த்துத் தரும். ஆளை அறிமுகஞ் செய்துவைக்க மாட்டாது.

இவ்வளவு சிக்கல் ஏன், பழைய முறையே போதாதா என்றும் கேட்கலாம். 1994ஆம் ஆண்டிலே பீற்றர் ஷோர் என்னும் கணிதர், குவாண்டம் கணினி ஒன்று போதிய அளவிற் கட்டப்பட்டால், இன்று வங்கிகளும் தபால்களும் நம்பியிருக்கும் மறைகுறிகளிற் பெரும்பங்கு உடையும் என்று காட்டினார். அவ்வளவு பெரிய கணினி இன்னும் கட்டப்படவில்லை. ஆயினும் இன்று அனுப்பும் செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு, நாளை வரும் கருவியால் உடைப்பதற்குத் தடையில்லை. இதற்கு மாற்றாகப் புதிய கணித மறைகுறிகளை ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தர நிர்ணய நிறுவகம் 2024 ஆகஸ்டிலே மூன்று நியமங்களாக வெளியிட்டது. அதே நாட்டின் பாதுகாப்பு முகவரகம், தன்னுடைய முக்கிய தொகுதிகளுக்குக் குவாண்டம் திறவுகோல் முறையைப் பரிந்துரைக்கவில்லை. யந்திரக் குறைகளையும் அதற்கொரு காரணமாகக் காட்டியுள்ளது. இந்தியாவோ இவ்வழியிலும் முயல்கின்றது. 2022 பெப்ருவரியிலே பிரயாக்ராஜ் நகருக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நார்வழியிலே குவாண்டம் திறவுகோலை அனுப்பிக் காட்டினர். 2023இல் அந்நாட்டரசு தேசியக் குவாண்டம் திட்டத்தை அங்கீகரித்தது. அத்திட்டத்தின் தொடர்பாடல் ஆராய்ச்சிக்குச் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்ப நிறுவகம் நிலைக்களமாயிற்று.

இதனால் எமக்கு என்ன என்று இருந்துவிடலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிள்ளைகள் கடல்கடந்து வாழாத வீடு அரிது. அவர்கள் அனுப்பும் பணமும், நோயாளியின் அறிக்கையும், காணி உறுதியின் பிரதியும், கணவனும் மனைவியும் பேசும் பேச்சும் இன்று நார்வழியே ஓடுகின்றன. அவற்றைக் காக்கும் பூட்டை நாம் செய்வதில்லை. பிறர் செய்ததை வாங்குகின்றோம். இத்தகைய யந்திரம் ஒன்று எம்முடைய வங்கிக்கோ அரசாங்கத்துக்கோ ஒருநாள் விலைக்கு வரக்கூடும். இயற்கையின் விதியே இதற்குக் காவல் என்று விற்பவர் சொல்வார். அவர் சொல்வது பொய்யாகாது. ஆயின் அது முழு உண்மையும் ஆகாது.

அன்று வாங்குபவர் கேட்க வேண்டியவை சில உள. இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க எவரை அனுமதித்தீர்கள்? அதனை உடைக்க முயன்றவர் யாவர். அவர்கள் எழுதியது எங்கே? 2023ஆம் ஆண்டிலே அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு இத்தகைய யந்திரங்களைச் சோதிக்கும் முறையை நியமமாக வகுத்துள்ளதே, அச்சோதனை நடந்ததா? இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கேட்கத் தெரிந்த சிலர் வேண்டும். எமது பல்கலைக்கழகத்திலே பௌதிகமும் கணினி விஞ்ஞானமும் கற்கும் மாணவர்கள், யந்திரம் செய்யும் வசதி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. செய்தவர் காணாத குறையைக் காண்பதும் விஞ்ஞானமே. அதற்குப் பொறுமையும், எதனையும் ஐயுற்று நோக்கும் அறிவுமே முதல் மூலதனம்.

கேர்க்கோவ்ஸ் வகுத்த நியதியை மீண்டும் நினைவுகூர்வோம். பூட்டு எத்தகையதென்று எல்லாரும் அறிந்தபின்னும் காக்கும் பூட்டே பூட்டு. மூடிய பெட்டியைப் புகழ்வோர் சொல்லினும், திறந்து காட்டிய பெட்டியைக் குறைகூறுவோர் சொல் எமக்குப் பயன்படும். சிங்கப்பூரிலே தம் யந்திரத்தைத் தாமே உடைத்துக் காட்டியவர்கள் அதன் மதிப்பைக் குறைத்தார்கள் என்று கூறுவாரும் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் கண்டு சொன்னமையாலேதான் பின்வந்த முறைகள் பிறந்தன. குறையை மறைத்திருந்தால், கள்வன் ஒருவன் மாத்திரமே அதனை அறிந்திருப்பான்.

இனி நீங்கள் ஊர்காவற்றுறைப் பக்கம் போக நேர்ந்தால், அக்கடற்கோட்டையைச் சிறிது நின்று பாருங்கள். முந்நூற்று அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. சுவர் இன்னும் நிற்கின்றது. அதனை நம்பி உள்ளே இருந்தவர்கள் இரண்டு கிழமைதான் நின்றார்கள். உடைக்க முடியாத கோட்டை என்று எவரேனும் எதனையேனும் எமக்குக் காட்டும்போது, மதிலின் உயரத்தை அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு, பணிவோடு ஒரு கேள்வி கேட்போம்: ஐயா, உள்ளே தண்ணீர் எங்கே இருக்கின்றது?